இரண்டும் மூன்றும்

பெட்டி கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது,
யாரோ ஒருவரின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து.
நாலு திருகாணி. றாக்கில் ஏற்றினோம்.
முன்பக்கம் அழகு, பச்சை மஞ்சள் சிவப்பு,
வந்து போகிறவர்கள் பார்க்கிற பக்கம்.
என் வேலை பின்பக்கம்.
சுவருக்கும் றாக்குக்கும் நடுவே ஒரு முழ இருட்டில்,
வாயில் ரோர்ச்சைக் கவ்வியபடி.

உள்ளே வருவது இரண்டு: இடம், வலம்.
வெளியே போவது ஒன்று.
அமத்தித் திருப்பினால் 'க்ளிக்' என்று பூட்டுகிற வட்டத் தலை.
இரண்டையும் பின்னி,
செக்கனுக்குப் பத்தொன்பதாயிரம் தரம் துடிக்கிற
ஊசி ஒன்றையும் செருகி
ஒற்றை வயரில் கோபுரத்துக்கு அனுப்பிவிடும்.
காதுக்குக் கேளாத ஊசி.
அது இருப்பது ரேடியோவுக்கு மட்டும் தெரியும்.

வருகிற முனை ஒவ்வொன்றுக்கும் மூன்று கால்.
ஒன்று மண்ணுக்கு.
இரண்டும் மூன்றும் ஒரே சொல்லைச் சுமக்கும்,
ஒன்று நேராக, மற்றது தலைகீழாக,
வழியில் ஏறுகிற இரைச்சலைக்
கடைசியில் கழித்துவிடுவதற்காக.
கணக்குத் தெரிந்த யாரோ செய்த ஏற்பாடு.

பழைய முனைகளில் உப்புக்காற்றுப் பிடித்திருந்தது.
வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாய் ஈயம் வைத்தேன்.
வலது முடிந்தது.
இடது பாதியில் கரண்ட் போனது.
ஜெனரேற்றரை இழுக்க நிக்சன் படியிறங்கிப் போனான்.
அந்தக் கால் மணித்தியாலம் நான்
எதை யோசித்தேனென்று ஞாபகமில்லை,
மகனின் ரியூசன் காசாக இருக்கலாம்.
வெளிச்சம் வந்தது. மிச்சத்தையும் பற்றவைத்தேன்,
சிவப்பு வயர், வெள்ளை வயர்.

ஆறு மணிக்கு ஒலி ஏறியது.
கத்துகிறவரை அமர்த்தி
முணுமுணுக்கிறவரைத் தூக்கி
எல்லாரையும் ஒரே உயரத்தில் நிறுத்தியது பெட்டி.
மீற்றர் முள் கோட்டைத் தாண்டவில்லை.
முதலாளி எல்லாருக்கும் பிளேன்ரீ சொன்னார்.

ஆறு இருபதுக்கு மரண அறிவித்தல்.
பின்னால் வீணை, முன்னால் தர்மினி.
ஹெட்போனில் அவள்
என் பிடரிக்குப் பின்னால் நின்று வாசிப்பதுபோல் இருந்தது.
புதுப் பெட்டி, விசாலமாய்த்தான் கேட்கும்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறரைக்குச் சுன்னாகம் சந்தையிலிருந்து
வெங்காயக்காரர் பொன்னுத்துரை எடுத்தார்.
ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோ,
பற்றறி மூடிக்கு இறப்பர்பாண்ட்.
"பிள்ளை, வீணை வருது.
ஆளைக் காணேல்லை."

இந்த ஊரில்
அந்த வசனத்தை ஒருவர் சொல்லிவிட்டால்
கேட்டவர் கொஞ்ச நேரம் வாய் திறக்கமாட்டார்.
நானும் திறக்கவில்லை.

பிறகு ரோர்ச்சை எடுத்துக்கொண்டு
சுவர்ப்பக்கம் புகுந்தேன்.
இடதில் இரண்டும் மூன்றும் இடம் மாறி நின்றன.
வலது ஓம் என்ற ஒவ்வொன்றுக்கும்
இடது இல்லை என்றிருக்கிறது.
இரண்டு ஸ்பீக்கர் வைத்திருக்கிற வீட்டில் அது விசாலம்.
ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டிப் பார்க்கும்:
பூச்சியம்.
ஓரங்களில் இருக்கிற வீணை தப்பிவிடும்.
நடுவில் நிற்கிறவர்தான் முதலில் அழிவார்.

மட்டுவிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்
ஒற்றை ஸ்பீக்கர் வீடுகளில்
இன்னும் சாகாமல் இருந்தார்,
நாற்பது நிமிடமாக.

விளம்பரம் போகிற நேரத்தில் கழற்றினேன்.
ஈயம் உருகி, விட்டு, மறுபடி பிடித்தது.
பெருவிரல் சுட்டுக்கொண்டது.
தர்மினி தாளை எடுத்து
முதல் வரியிலிருந்து தொடங்கினாள்,
அன்னாரின் தகப்பன் பெயர், தாய் பெயர்,
கனடாவில் இருக்கிற மூன்று பிள்ளைகள்.

பொன்னுத்துரை திரும்ப எடுத்தார்.
"இப்ப வடிவாக் கேக்குது, பிள்ளை."
ஒரு மூச்சு விட்டு,
"ஐயோ. இவரே மோசம்போனவர்?"

அவர் லைனை வெட்டவில்லை.
தராசுத் தட்டு சீமெந்தில் முட்டுகிற சத்தம்.
அதற்கும் பின்னால்
அரைச் செக்கன் பிந்தி
தர்மினி
கிரியை எத்தனை மணிக்கென்று
சொல்லிக்கொண்டிருந்தாள்.