வடக்கு வாயில், ஒன்று நாற்பது

கடைசிப் பாட்டு முடிய இன்னும் ஆறு நிமிடம்.
கைவிடப்பட்ட விமானத்தளம்; புல்லுக்கடியில் கான்கிரீட்.
அறுபதாயிரம் பேர் மேடையைப் பார்த்து நிற்கிறார்கள்.
ஆறு நிமிடத்தில்
அத்தனை பேரும் என் பக்கம் திரும்புவார்கள்.

உயரமான ஏணி நாற்காலியில் இருக்கிறேன்.
மஞ்சள் சட்டை, கையில் ஒலிபெருக்கி,
மடியில் ஆறிப்போன தேநீர்.
பால்டிக் காற்றுக்கு ஜூலை என்றால் என்னவென்று தெரியாது.
பகலில் நான் படகுத்துறையில் சீட்டு கிழிப்பவள்.
கோடையில் நான்கு இரவு மட்டும்
கூட்டத்தைக் கிழிப்பவள்.

பயிற்சியில் சொன்னார்கள்:
சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றால் மனிதர்கள்,
நான்கு என்றால் வரிசை,
ஆறைத் தாண்டினால் தண்ணீர்.
தண்ணீருக்குக் காது கிடையாது.

நான் தலைகளை எண்ணுவதில்லை.
பீர்க் கோப்பைகளைப் பார்க்கிறேன்.
இடுப்பருகே இருந்தால் சரி.
நெஞ்சுக்கு ஏறினால் எழுந்து நில்.
தலைக்கு மேல் போய்விட்டால்
வானொலியை எடு.

விளக்கை ஒரேயடியாகப் போடமாட்டோம்.
முதலில் ஓரங்கள், பிறகு நடு,
மேடைக்கு எதிரே இருட்டு கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்,
முத்தம் கொடுப்பவர்கள் அங்கே தங்கட்டும்.
உருளைக்கிழங்கு வறுப்பவர்கள் மூன்று மணிவரை
கடை கட்டக் கூடாது என்பது ஒப்பந்தம்.
பசித்தவன் நிற்பான்.
நிற்கிறவன் எங்கள் ஆள்.

முடிந்தது.
கைதட்டல் ஓய்வதற்குள் கால்கள் கிளம்பிவிட்டன.

வானொலியில் ஜெமோவித்,
வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில்:
"போக்னா, இரண்டாவது ரயில் வரவில்லை.
பிளாட்பாரம் நிறைந்துவிட்டது. நிறுத்து."

நிறுத்து என்று சொல்ல ஒரு சொல் போதும்.
வாயிலைச் சாத்தினால் அது சுவர்.
முன்னால் நிற்பவனுக்குச் சுவர் தெரியும்,
பின்னால் வருகிறவனுக்கு
முன்னால் ஒரு முதுகுதான் தெரியும்.

கோப்பைகள் நெஞ்சுக்கு வந்தன.

உண்மையைச் சொன்னேன்.
வேறு எதுவும் கையில் இல்லை.
ரயில் இருபது நிமிடம் தாமதம்.
பின்வரிசைக்காரர்களே, உங்களைத்தான்,
போய்ச் சாப்பிடுங்கள்.
பொவோலி. மெதுவாக. பொவோலி.
ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே
யாரோ வாத்தியாரம்மாவுடையது போலக் கேட்டது.

கெட்ட வார்த்தையால் ஒருவன் என்னைக் குளிப்பாட்டினான்.
சிலர் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை.
காது கேட்கும் தண்ணீரும் இருக்கிறது போலும்,
ஓரங்கள் முதலில் இளகின,
கடைவாசல்களில் புகை பருத்தது,
நடு மட்டும் இறுகியே கிடந்தது.

அந்த நடுவில்தான் அவள்,
வெள்ளித்தூள் அப்பிய கன்னம், பதினேழு வயது இருக்கலாம்.
செருப்பு கழன்றிருக்க வேண்டும்.
தலை தாழ்ந்தது.

குனியாதே!

அத்தனை வெறியாக நான்
யாரையும் திட்டியதில்லை, என் மகனைக்கூட.
அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
உதடு கோணியது.
அடுத்த நொடி அந்த இடத்தில்
வேறு முகங்கள்.

இரண்டு இருபத்தெட்டுக்கு ரயில்.
இருநூறு பேராக விட்டேன்,
மூச்சு விடுகிற மாதிரி,
விட்டு, பிடித்து, விட்டு.
நாலரைக்கு வானம் சாம்பல் நிறமானது,
வானம்பாடிகள் கான்கிரீட் மேலே பாடின,
கீழே பதினொரு செருப்புகள்.
ஒன்றுக்கும் ஜோடி இல்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: நிகழ்வுகள்.
'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
இந்த 'இல்லை'க்குத்தான் சம்பளம்.

ஏழரை மணிப் படகு.
மூன்று பயணிகள், ஒரு மிதிவண்டி,
தூங்கி வழிகிற நாய்.
சில்லறை தவறிவிட்ட ஒரு கிழவர்
எடுக்கப் போனார்.

குனியாதே என்று கத்திவிட்டேன்.

நாய்கூட நிமிர்ந்து உட்கார்ந்தது.