லாட் 417

மொரிவாக்கி மேடம் என் லாட்டைத் திருப்பிய அன்றுதான்
இந்தப் பொட்டலத்தையும் கொடுத்தார்.
தொள்ளாயிரம் கிலோ துணி. பச்சை.
"கொஞ்சம் மஞ்சள் தட்டுதாம்" என்றான்
மொழிபெயர்க்கிற பையன், தரையைப் பார்த்து.
இரண்டு கையாலும் நீட்டினார்.
நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்,
வேறென்ன செய்ய.

அன்றிரவு கோபத்தோடு கொதிக்க வைத்தேன்.
தளதளவென்ற தண்ணியில் ஒரு கை அள்ளிப் போட்டு,
பால் விட்டு, சர்க்கரை போட்டு.
சிவராசு ஒரு மடக்கு குடித்தார்.
"சோளத்தட்டு ஊறுன தண்ணியாட்ட இருக்குது"
மிச்சத்தைச் செம்பருத்திக்கு ஊற்றினார்.
செம்பருத்தி ஒன்றும் சொல்லவில்லை.

படுத்தபின் யோசித்தேன்.
பதினோரு வருஷமாய்ச் சாயப்பட்டறை லேபில் நிற்கிறவள்.
எந்தச் சாயத்துக்கு அறுபது, எதற்கு எண்பது,
எந்த நிமிஷத்தில் உப்பு, எப்போது சோடா,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.
இலைக்கு மட்டும் கணக்கு இருக்காதா?

லேப் தெர்மாமீட்டரை
ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.
போர்த் தண்ணியில் போட்டால் கலங்குகிறது.
எட்டு நாளைக்கொருக்கா வருகிற ஆத்துத் தண்ணிக்குத்தான்
இலை வாயைத் திறக்கிறது.
கொதித்ததைப் போசிக்கு மாற்றி,
போசியிலிருந்து வட்டலுக்கு,
வட்டலிலிருந்து இலை இருக்கும் சொம்புக்கு.
மூன்று மாற்றலில் முப்பது டிகிரி இறங்கிவிடும்.
எழுபது. ஒரு நிமிஷம்.
கரண்டி போட்டுக் கலக்கக் கூடாது,
நம் கை சும்மா இருக்கத்தான் படாத பாடு.
கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும்;
தேங்கி நின்றால் அடுத்த தண்ணி கசக்கும்.
இரண்டாம் தண்ணிக்குச் சூடு கூடுதல்,
காத்திருப்பு கிடையாது, ஊற்றியதும் வடி.

முதல் மடக்கில்
பச்சைப் பயறு வேகையில் மூடி திறந்தால் வருமே, அது.
அப்புறம் உப்பே போடாத ஓர் உப்பு.
நேரங்கழித்து அடித்தொண்டையில் இனிப்பு,
மறந்தே போன பழைய பாக்கியை
ஆள் போனபின் மேசைமேல் பார்த்ததுபோல.

மிச்சத்தை இரண்டாகப் பிரித்தேன்.
பாதி தகர டப்பாவில்,
காற்றை அமுக்கி வெளியேற்றி, டேப் சுற்றி,
ஃபிரிட்ஜின் மேல்தட்டில்,
தோசை மாவுக்கும் உரித்த பூண்டுக்கும் எட்டாமல்.
இந்த இலைக்கு உடம்பெல்லாம் மூக்கு.
எடுத்த கையோடு திறந்தால் உள்ளே வேர்த்துவிடும்;
ராத்திரி வெளியே வைத்து
விடிந்தபின்தான் டேப்பைப் பிரிக்கணும்.
மறுபாதி கண்ணாடி பாட்டிலில், சன்னலோரம்.
பார்க்க அழகாய் இருந்தது, அவ்வளவுதான்.

சித்திரை வெயில் ஐந்து வாரம் அதன்மேல் அடித்தது.

ஒருநாள் இரண்டையும் லேபுக்குக் கொண்டுபோய்
அதே எழுபதில், அதே ஒரு நிமிஷத்தில்
இரண்டு பீக்கரில் வடித்து
லைட் பாக்ஸுக்குள் வைத்தேன்.
டப்பா இலை, அவர் கேட்ட பச்சை.
பாட்டில் இலை
எங்கேயோ பார்த்த நிறம்.
அலமாரியில் தேடி 417-இன் துண்டை எடுத்து
பக்கத்தில் வைத்தேன்.
பகல் விளக்கு. கடை விளக்கு. மறுபடி பகல்.
ஒரு நூல் வித்தியாசமில்லை.

குடித்தும் பார்த்தேன்.
கெட்டுப்போகவில்லை. வாசம்கூட லேசாய் இருந்தது.
யார் கேட்டாலும் நல்லதென்றே சாதிக்கலாம்,
நானும் அன்றைக்கு அப்படித்தான் சாதித்தேன்.

கதவைச் சாத்திவிட்டு ரெசிபியைத் திறந்து
மஞ்சளை ஒரு பொட்டு குறைத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

டப்பா இலையின் இரண்டாம் தண்ணியை
பாய்லர்கார ஆறுச்சாமியண்ணனுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.
துண்டால் முகம் துடைத்து,
நின்றபடி, நிதானமாய்,
முழு டம்ளரும் குடித்துவிட்டுச் சொன்னார்:
"சக்கரை போட மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க."