கலத்தின் கரை

எங்கள் உயிரியல் புத்தகத்தில் கலம் என்றால்
உடம்பின் மிகச் சிறிய அறை.
யன்னலுக்கு வெளியே, உள்துறைமுகத்தில்,
கலம் என்றால் கப்பல்.
இருபது வருடமாக இரண்டையும் பார்த்து
எனக்கு வித்தியாசம் குறைந்துவிட்டது.

முதல் தட்டு: மூதூர் செய்னம்பு, வயது நாலு.
குடலில் ஒரு கிள்ளு.
நீலமும் ரோசாவும் ஏற்றினேன்; அது என் வேலை.
அறிக்கை டொக்டருடையது.
மூக்கை நுழைப்பதில்லை, கண்ணை மட்டும்.

இந்தத் துறைமுகத்தைக் காகம் அரை மணியில் கடந்துவிடும்.
கரை பிடித்து நடப்பவன்
ஒவ்வொரு குடாவுக்கும் உள்ளே போய், வெளியே வந்து,
பொழுதுபட்டும் பாதி வழிதான்.
குடலிலும் அந்தக் கள்ளக் கணக்குத்தான்:
மடிப்பில் சடைமுளை, சடைமுளையில் கலம்,
கலத்தின் தலையில் ஆயிரம் நுண்சடைமுளை.
துழாவாது, பிடிக்காது. சும்மா நிற்கும்.
நிற்கிற அகலத்திலேயே சோறு உள்ளே போகும்.

செய்னம்புவின் கரை நிரவிக் கிடக்கிறது,
மண் போட்டு மூடிய குடாபோல.
பாணை நிறுத்தினால் திரும்ப வரலாம்.
மாவு ஆலை உள்ள ஊரில்
அதை உம்மாவுக்கு யார் சொல்வது?

இரண்டாவது உயிரோடு வந்தது.
உப்புநீர்த் துளியில் ஒரு பொடியனின் மூக்குச் சுரண்டல்.
பிசிர்கள் தண்டு வலிக்கின்றன:
நிமிர்ந்து ஓர் இழுப்பு, வளைந்து ஒரு திரும்பல்,
செக்கனுக்குப் பத்துத் தரம்.
அணியத்தில் நின்று கூவ ஒருவருமில்லை.
சளியும் தூசும் தொண்டைப் பக்கம் ஏறுகின்றன.
பார்த்துக்கொண்டே இருந்தேன்; தேத்தண்ணீர் ஆறிப்போனது.
பழைய பீடிக்காரரின் தட்டில் இந்த வலிப்பு இருக்காது.
தண்டு முறிந்த தோணியில் பட்டையால் நீர் இறைப்பதுதான்
அவர்களின் விடிகாலை இருமல்.

மூன்றாவதுக்குத் தட்டு இல்லை.
காதுக்குள், நத்தைச் சுருளில்,
படிக்கட்டாய் உயரம் பார்த்து நிற்கிற மயிர்கள்.
பெயரில் பிசிர்; பிறப்பில் நுண்சடைமுளை.
சத்தத்துக்குச் சாயும். சாய்வதுதான் கேட்பது.
கிள்ளி எடுக்க முடியாது.
விழுந்தால் முளைக்காது.
என் தம்பி எமில் ஏழு மாதம்
வெடி போட்டுச் சூடை பிடித்தான்.
மீன் மிதந்தது.

நாலு மணி. கப்பல் ஒன்று ஊதுகிறது.
வாசலில் மதிலை நக்கிக்கொண்டு நிற்கிற புள்ளிமானின்
ஒற்றைக் காது மட்டும் திரும்புகிறது.
பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் எமில்,
நான் எந்தப் பக்கத்தால் வருவேன் என்று
இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தபடி.