காகிதத்துக்கு

குரங்குக்கா என்றார் போஜன்.
காட்டுப்பன்றிக்கா என்றாள் எடைமேடை ஸ்டெல்லா.
காகிதத்துக்கு என்றேன்.
இருவரும் என் சம்பளத்தை நினைத்துக்கொண்டது
முகத்தில் தெரிந்தது.

சீட்டு எடுத்த பணம்.
பத்தாம் வகுப்பில், என்.சி.சி. முகாமில்,
குப்புறப் படுத்து ஐந்து முறை சுட்டிருக்கிறேன்.
ஆறாவது கேட்டதற்கு
அரசாங்கக் கணக்கு ஐந்துதான் என்றார்கள்.
இருபத்தாறு வருஷமாக
அந்த ஆறாவது எனக்குள் வரிசையில் நின்றது.

கேத்தியில் இருபது மீட்டர் சமதளம்
எந்தப் பட்டாவிலும் இல்லை.
படிப்படியாய் வயல், அதற்குக் கீழும் வயல்,
நின்றால் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே.
ரயில் நடைமேடை சமம்தான்; அங்கே சுட்டால் ஜெயில்.
மிச்சம், நான் கணக்கெழுதும்
கேரட் கழுவும் கொட்டகை.
ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது.
சாவி என்னிடம்.

கோடியில் மண் திணித்த சாக்கு ஆறு.
முன்னால் ஒரு பழைய லோடு ரசீது, திருப்பி ஒட்டி.
நடுவில் ரூபாய் நாணயத்தை வைத்து
பேனாவால் ஒரு வட்டம்.
கதவுக்கு உள்தாழ்ப்பாள்.

குழலை மடக்க என் மொத்த எடையும் வேண்டியிருந்தது.
இடுப்பு ஒடுங்கிய ஈயக் குண்டு
ஈர விரலில் வழுக்கி, தரையில் உருண்டு,
கேரட் தோலோடு சாக்கடைக்குப் போனது.
முதல் குண்டின் கதை அவ்வளவுதான்.
இரண்டாவது வெடித்தது, புகையோடு,
பர்லியாறு ஏற்றத்தில் லாரி விடும் மூச்சுபோல
கருகிய எண்ணெய் வாசனை.
புதுசு அப்படித்தான் இருக்கும் என்று
கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.
தெரிந்தே பயந்தேன்.

டெலஸ்கோப்பில் முதலில் தெரிந்தது
என் இமைமயிர்.
அப்புறம் ஒரு கறுப்புப் பிறை.
கழுத்தை நீட்டி, இழுத்து,
ஒரு விரல்கடை பின்னே வந்ததும்
ரசீது சட்டென்று மூஞ்சிக்கு நேரே வந்து நின்றது,
மறுபக்கத்து என் கூட்டல்
ஊறித் தெரிகிற அளவுக்கு.

முதல் ஞாயிறு எல்லாம் இடது கீழே.
திருகை மேலுக்குப் பதினாறு டிக், வலதுக்கு இருபது.
அடுத்த ஞாயிறு எல்லாம் வலது மேலே.
காற்றைச் சந்தேகப்பட்டேன். கொட்டகைக்குள் ஏது காற்று?
தகர இடுக்கில் நுழையும் பனிமூட்டத்தை,
ஈயத்தை (வேறு டப்பா, இருநூறு ரூபாய் கூட),
இறுக்கிப் பிடித்ததை,
கோழிக்குஞ்சைப்போல் தளரப் பிடித்ததை,
மூச்சை, காலையில் குடித்த காப்பியை.
வாரத்துக்கு ஒரு குற்றவாளி பிடிபட்டு
மறுவாரமே நிரபராதியாய் வெளியே வந்தான்.
கடைசியில் நான்தான் என்று தீர்ப்பாயிற்று.
நாற்பத்திரண்டு வயசு, கண்ணாடி பவர் ஏறிவிட்டது,
விற்றுவிடலாம்.

விற்பதற்காகத் துடைக்கையில்
டெலஸ்கோப் துணியோடு நகர்ந்தது.
ஒரு அரிசி அகலம்.

தாங்கியில் நாலு திருகும் தளர்ந்திருந்தன.
யாரும் தளர்த்தவில்லை.
போன ஒவ்வொரு குண்டும்
போகிற போக்கில் கொஞ்சம்
உதைத்துவிட்டுப் போயிருக்கிறது.

சிரித்தேன்.
கொட்டகையில் தனியே சிரித்தால்
தகரமும் சேர்ந்துகொள்ளும்.

வளைந்த சின்னச் சாவி
பிரிக்காத பாலிதீனில், பெட்டியிலேயே, இத்தனை நாளும்.
மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன்,
ஸ்டெப்னி மாட்டும் டிரைவர்களிடம் பார்த்தது.

ஐந்து சுட்டேன்.
எழுந்து போய்ப் பார்க்கவில்லை.
ஆறாவதையும் சுட்டேன்.

வட்டத்துக்குள் ஒன்றுமில்லை.
நாலு விரல் தள்ளி, மேல் மூலையில்,
ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம்,
ஆறும் ஒரே இடம்.
தப்பான இடம்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
மூடியைக் கழற்றி
டிக், டிக் என்று எண்ணத் தொடங்கினேன்.