ஒரு சாண்

ஜுபைல். ஆகஸ்ட். காலை ஏழுக்கே
கிளினிக்கின் ஜன்னல்கள் வெளிப்புறம் வியர்த்திருக்கின்றன.
பின்னறையில் பஞ்சு பதித்த கூண்டு,
கூண்டுக்குள் ஹெட்போன் மாட்டிய ஞானதிரவியம்.
ரிக்கர். பதினோரு வருடம்.
கையில் ஒரு பொத்தான்.
சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

வலது காதில் எல்லாம் சரி.
இடது காதில் அதைவிடச் சரி.
அதுதான் உறுத்தியது.
மூன்றாம் சுற்றில் பிடிபட்டது:
கண்ணாடி வழியே அவர்
என் தோளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
நான் குமிழைத் திருப்பும்போதெல்லாம் தோள் அசைகிறது.

மூளைத்தண்டில், இரண்டு காதுக்கும் நடுவில்,
ஒரு வகை நரம்பணு உண்டு.
இருபுறமும் கை நீட்டி நிற்கும்.
இடக்கைக்கு இடது காதின் சேதி, வலக்கைக்கு வலது.
ஒரே கையில் எவ்வளவு கொட்டினாலும் லேசில் மசியாது.
இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம், ஆனால்
ஒன்றாக வந்து விழுந்தால்
சட்டென்று பேசிவிடும்.

ஒன்றாக என்றால்,
எங்கள் ஏசி கீழே தகரத்தில் சொட்டுமே, அப்படி:
முதல் துளி காய்வதற்குள் அடுத்தது விழாவிட்டால்
தகரத்துக்கு எதுவுமே நடக்கவில்லை.
விழுந்துவிட்டால் ஒரு கோடாய் ஓடும்.
தகரத்துக்காவது ஒரு நொடி பொறுமை உண்டு.
அணுவுக்கு, நொடியைப் பத்து லட்சமாய் நறுக்கி
அதில் சில நூறு துண்டுதான்.

காதுக்கும் காதுக்கும் ஒரு சாண்.
அதைத் தாண்ட ஒலிக்கு ஆகும் தாமதத்தில்
இடமா வலமா என்பது அடங்கியிருக்கிறது.
நாம் யோசிப்பதற்குள் கழுத்து திரும்பியிருக்கும்.

"கிரேன் ஹாரன் நல்லா கேக்கு சார்.
எந்தப் பக்கம் துள்ளணும்னுதான் தெரியல."

போன ரமலானில், பிரஷர் டெஸ்டில் ஒரு கேஸ்கெட் பிய்ந்ததாம்.
ரிப்போர்ட்டில் யாருக்கும் காயமில்லை.

"வீட்ல சொல்லல.
போன்ல பேசுறதுக்கு ஒத்தக் காது போதும்லா."

போதும்.
பதினோரு வருடமாய் அந்த வீடு,
மனைவி, மழை, குக்கர், மகளின் இருமல்,
எல்லாமே அவருக்கு ஒரே பக்கத்திலிருந்துதான்.

ஃபிட் என்று எழுதினால் இகாமா.
அன்ஃபிட் என்றால் வெள்ளிக்கிழமை விமானம்,
மகளின் நர்சிங் இரண்டாம் வருடத்தோடு நிற்கும்.
இன்னொரு பக்கம் அறுபது டன் கிரேன்.
படிவம் நாலு நாளாய் மேசையிலேயே கிடந்தது.
ஒன்றை நினைக்கும்போது
மற்றது காய்ந்துபோய்விடுகிறது.

ஐந்தாம் நாள் மதியம், கேட்டருகே,
"ஏ திரவியம்!" என்று யாரோ பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்கள்.
அவர் நின்ற இடத்திலேயே
ஒரு முழுச்சுற்றுச் சுற்றினார்,
முகம் கிடைக்கும் வரை.

பஸ் அவருக்கு இடப்பக்கம் நின்றது.
எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே போய்க் கூண்டு நாற்காலியைச்
சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன்.
அவரை மறுபடி கூட்டிவர ஆள் அனுப்பினேன்.