நன்றி என்ற சொல்

சால்ட்டோவில் ஆரஞ்சு பொதியும் கொட்டகை.
ஒன்பதரைக்கு இயந்திரப் பட்டை நிற்கும்.
கவிழ்த்த பெட்டிகளில் வட்டமாய் உட்கார்வோம்,
நடுவில் நிபியா, கக்கத்தில் வெந்நீர்ப் பிளாஸ்க்.

ஒரே சுரைக்குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல்.
கசக்கும் மாத்தே கைமாறி வரும்:
வாஷிங்டன், வால்கிரியா, பிறகு நான்.
உருகுவேக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.
கை நடுங்கக் குடித்துவிட்டு
"கிராசியாஸ்" என்றேன்.
ஒல்கினில் அம்மா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது:
யார் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்.

அடுத்த சுற்றில் குடுக்கை
என் முழங்காலைத் தாண்டிப் போயிற்று.
மறுநாளும் அப்படியே. தினம் ஒரு முறைதான் எனக்கு.

சில நாள் அது பெரிதில்லை.
தங்கை போனில் சிரித்த நாளில்,
அறை வாடகை கட்டி முடித்த நாளில்
கசப்புத்தானே, போகட்டும் என்று
ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருப்பேன்.

தூங்காத இரவுக்கு மறுநாளோ
வால்கிரியா மூக்கைத் துடைத்தாலும் அதற்கு அர்த்தம் உண்டு.
என் உதடு பட்ட குழல் அவளுக்கு அருவருப்பு.
என் பேச்சில் சகரம் உதிர்வது இவர்களுக்கு வேடிக்கை.
வாஷிங்டன் கூரையைப் பார்த்தால்
கூரையில் என் பெயர் எழுதியிருக்கும்.

ஆகவே நானே முந்திக்கொண்டேன்.
விலக்குவதற்கு முன் விலகிக்கொள்வது
எனக்குக் கைவந்த வேலை.
இரண்டு காதலர்களை அப்படித்தான் இழந்தேன்;
அதில் ஒருவன் அப்போது
கதவருகே செருப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

லாரி நிற்கும் பக்கம் போய்
நின்றபடி ரொட்டி தின்றேன், பதினெட்டு நாள்.
திமிர்பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்களாம்.
அது பிறகு தெரிந்தது.

மழையில் லாரிப் பக்கம் சேறான ஒரு வியாழன்
நிபியா கூப்பிட்டுக் கேட்டாள்:
"மாத்தே பிடிக்கவில்லை, சரி.
எங்களையுமா பிடிக்கவில்லை?"

"நீங்கள்தானே தரவில்லை?"

"நீதானே கிராசியாஸ் என்றாய்!
இங்கே அப்படிச் சொன்னால்
போதும், இனி வேண்டாம் என்று பொருள், பெண்ணே."

வால்கிரியா சிரித்த சிரிப்பில் பெட்டி சரிந்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் குடுக்கை வந்தது.
அடியில் கொறகொறக்கும் வரை உறிஞ்சினேன்.
நாக்கு நுனிவரை வந்த சொல்லைச்
சூட்டோடு விழுங்கிவிட்டு நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்து
வாஷிங்டன் முகத்தைத் திருப்பினான்.
நெஞ்சு ஒரு படி இறங்கியது.
பிறகு அவன் தும்மினான்.

முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன்.
தும்மல் தும்மலாகவே இருந்தது.