கல்லின் பின்பக்கம்

ஜூலை இரண்டாம் வாரம்.
சரிவு முழுக்க ஆல்ப்ஸ் ரோஜா.
பெயரில்தான் ரோஜா. முள் கிடையாது,
இலையைத் திருப்பினால் அடியில் துரு.
தேனீக்கள் அதற்குள் தலைகுப்புற விழுந்துகிடக்க,
நான் அதைத் தாண்டிப் போய்
ஒரு கல்லின் முன் முழங்காலிட்டேன்
கையில் அளவுகோலுடன்.

தேடி வந்தது கற்பாசியை.
எலுமிச்சைப் பச்சையில் கரிக்கோடு இழுத்து
யாரும் போகாத தேசத்துக்கு வரைந்த படம்போல் இருக்கும்.
ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் வளரும் என்கிறார்கள்.
இந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு என்பதை
தேதி வெட்டிய கல்தான் சொல்ல வேண்டும்.
சொல்லிவிட்டால்
பனியாறு எந்தப் பாறையை எப்போது
கைவிட்டுப் போனதென்று
பின்னோக்கி எண்ணிவிடுவேன்.

தேதி வெட்டிய கல் இங்கே ஒன்றே ஒன்று:
துமாஷ் கவீட்செல், 1987.
பனிச்சரிவு என்று எழுதவில்லை.
மேலே பார்த்தால் தெரிகிறது.

கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் இருந்தது கல்.

"ஆகஸ்டு தவறாமல் தேய்த்துவிடுவேன்,"
என்றாள் பார்லா, மலைக்குடிலை நடத்துபவள்,
அவன் தங்கை.
"வினிகர், கம்பித் தூரிகை.
பச்சை பச்சையாய் அழுக்கு ஏறுகிறதே,
பெயர் போய்விடாதா?"

அழுக்கில்லை அது, என்று வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்று
முப்பத்தேழு ஆகஸ்டுகளுக்கு அப்புறம்
எப்படிச் சொல்வது.

அந்தப் புதரைக் கேட்கலாம்தான்.
அதற்கும் வயது தெரியும்,
தண்டுக்குள் மயிரிழை வளையங்களாய்.
வெட்டினால்தான் சொல்லும்.
வெட்டாதவரைக்கும் அதற்கு
இந்த ஜூலை மட்டும்தான்.

காற்று நோட்டைப் பிடுங்கியது.
மறைவு தேடிக் கல்லின் பின்னால் ஒதுங்கினேன்.

அங்கே இருந்தது.
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்,
தூரிகை வந்தே இராத முதுகில்,
சட்டைப் பொத்தான் அளவு வட்டம்.
பதினொன்று.
மறுபடி வைத்தேன். பதினொன்றேதான்.

பார்லா குனிந்து பார்த்தாள்.
கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்;
முழுசாய் மறைந்துவிட்டது.
"இவ்வளவுதானா?"

முதல் சில வருடம் கல் வெறுமனே கிடந்திருக்கும்,
எதுவும் வந்து ஒட்டியிருக்காது என்றேன்.
தலையாட்டினாள்,
அது தனக்கும் தெரிந்ததுதான் என்பதுபோல்.

பிறகு எழுந்து
புதரில் ஒரு கொத்தை ஒடித்தாள்.
முன்பக்கம் போனவள் திரும்பி வந்து,
பெயர் இல்லாத பக்கத்தில் அதைச் சாய்த்தாள்,
வட்டத்தை மறைக்காமல்
கொஞ்சம் தள்ளி.

"பார்லி சூப் ஆறுகிறது,"
என்று மட்டும் சொன்னாள்.